பொட்டனிக்கு வெள்ளைப் பூ

சிவமயம்

மட்டுவில் தெற்கு,
சாவகச்சேரி.
1939 ஆனி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் பத்மாசினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் ஐயாவும் நானும் மாடு கன்றும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு சொல் இல்லை, ஆனபடியால் நீயும் சுகமென்று நானே வைத்துக்கொண்டேன். வெயில் கொளுத்துகிறது, கிணற்றில் அடி தெரிகிறது, ஐயாவுக்கு முழங்கால் நோ குறைந்திருக்கிறது. கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது, முக்கால்வாசியை அணிலுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை நாங்கள் சாப்பிடுகிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், இரண்டாம் தரம் வாசித்தபோது அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது, அவ்வளவு கோபம். உங்கள் விருப்பப்படியே பொட்டனியைச் சிறப்புப் பாடமாக எடுக்கப்போகிறேன் அம்மா, எனக்கும் பூ செடி என்றால் பிரியந்தானே என்று எழுதியிருக்கிறாய். என் விருப்பமா? பூ செடிப் படிப்புக்குப் பொட்டனி என்று பெயராம், அந்தச் சொல்லையே நான் இதுவரை வாயால் சொன்னதில்லை. உனக்குப் பூ செடியில் பிரியம் எந்த நாளில் வந்தது? செவ்வந்திப் பூவுக்குக் கிட்டப் போனாலே தும்முகிறவள் நீ. தண்ணீர் ஊற்று என்று சொல்லி உன் பொறுப்பில் விட்ட மல்லிகைப் பந்தல் ஒரு கோடையிலேயே விறகாகிப்போனது. கிணற்றடியில் நின்று, துலா மிதிக்கிற மனுசன் எவ்வளவு தூரம் நடந்தால் தண்ணீர்ப் பட்டை பாரமில்லாமல் மேலே வரும் என்று கேட்டுக்கேட்டு அவனுடைய வேலையைக் கெடுத்தவள் நீ. ஐயா ஆசையாக வாங்கிவந்த பெற்றோல்மக்ஸ் விளக்கைக் கழற்றிப் பார்த்து, எங்களை ஒரு கிழமை கைவிளக்கோடு இருக்க வைத்தவளும் நீதான். போன லீவில் வந்து நின்றபோது பௌதிகம் பௌதிகம் என்று சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலும் அதே கதை. எனக்கு அதில் ஒரு சொல் விளங்கவில்லை, ஆனால் உன் முகம் விளங்கியது. அப்படிப்பட்டவள் இப்போது பூவில் பிரியமென்று எழுதுகிறாள். இதைப் படிக்கத்தானா உன்னைக் கொழும்பு யூனிவசிற்றிக் கொலிச்சுக்கு அனுப்பினோம்? பொய் எழுதுவதென்றால் கொஞ்சம் நம்பும்படியாகவாவது எழுதப் பழகு.

இந்த வேலை யாருடையது என்று எனக்குத் தெரியும். உன் சித்தப்பா சோமசேகரம் போன மாதம் கொழும்புக்குப் போய் உன்னை விடுதியில் கண்டுவிட்டு, வந்த அன்றே சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இங்கே வந்தார். "பிள்ளையோடை கதைச்சு எல்லாம் சரிப்படுத்திப் போட்டன் அண்ணி, இனி ஒரு கரைச்சலுமில்லை" என்றார். என்ன சரிப்படுத்தினார் என்று அப்போது விளங்கவில்லை, உன் கடிதம் வந்தபிறகுதான் விளங்கியது. அம்மாவின் விருப்பம் இதுதான் என்று என் பெயரைச் சொல்லி உன்னை மடக்கியிருக்கிறார். ஐயாவின் தம்பியாகப் பிறந்ததைத் தவிர வேறு ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்து நான் கண்டதில்லை, ஆனால் அடுத்த வீட்டுக் காரியமென்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். இத்தனைக்கும் காரணம் அவர் உனக்குப் பேசிவந்த அந்த மானிப்பாய்ச் சம்பந்தம். மாப்பிள்ளையின் தகப்பன் இராசநாயகம், மலாயாவில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து பென்சனோடு வந்தவர், பச்சைக் கொடி சிவப்புக் கொடி தவிர வேறு சாத்திரம் அறியாதவர், அவர் உன் படிப்புக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். "பெம்பிளைப் பிள்ளைக்கு உந்தப் பௌதிகம் என்னத்துக்கு, கம்பியும் கறண்டும் பிடிச்சுக்கொண்டு பொழுதுபடுமட்டும் பொடியளுக்கு நடுவிலை நிக்கிறதே, பூவையும் இலையையும் கீறிப் படிக்கட்டும், அதுதான் வடிவு" என்றாராம். மாப்பிள்ளையாவது வாயைத் திறந்தாரா என்று சித்தப்பாவைக் கேட்டேன். அவர் தகப்பன் சொன்னால் மறுபேச்சுப் பேசாத நல்ல பிள்ளையாம். இருபத்தெட்டு வயதில் தகப்பனைக் கேட்டு மூச்சு விடுகிறவரை நல்ல பிள்ளை என்று நீ வேண்டுமானால் சொல், நான் சொல்லமாட்டேன்.

நான் சித்தப்பாவைக் கூப்பிட்டு, பிள்ளை பௌதிகந்தான் படிப்பாள் என்றேன். அவர் என்னோடு பேசி வெல்ல முடியாதென்று கண்டு, "சரி, பிள்ளையாரைக் கேப்பம், பூக்கட்டிப் பாப்பம்" என்றார். ஐயாவும் ஓம் என்று தலையாட்டினார், அவர் தலையாட்டாத இடம் ஏது. செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனோம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் வாழையிலையில் ஒரேமாதிரி மடித்து நூலால் கட்டிச் சுவாமியின் பாதத்தில் வைத்தார்கள். நல்லதுக்கு வெள்ளை என்பது எல்லோரும் அறிந்த வழக்கம், பொட்டனிக்கு வெள்ளை பௌதிகத்துக்குச் சிவப்பு என்று முந்திக்கொண்டு சொன்னவர் சித்தப்பா. ஐயர் கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தால் வெள்ளை.

சித்தப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும், ஏதோ அவரே போய் மூலஸ்தானத்துக்குள் இருந்து வரம் கொடுத்தவர்போல. ஐயா என்னைப் பார்த்து, "சுவாமியே சொல்லியாச்சு அருமை, இனி விடு" என்றார். நான் விடவில்லை. பூவிடம் போய்க் கேட்டால் அது பூப்படிப்பைத்தானே சொல்லும் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன், ஐயர் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு எல்லோரும் வெளிவீதிக்குப் போனபின் தனியாக நின்று பிள்ளையாருக்கும் சொன்னேன். அப்பனே, உன்னை நான் ஒருநாளும் மீறினதில்லை, ஆனால் சோதனை எழுதப்போகிறவள் என் பிள்ளை, விருப்பமில்லாத படிப்போடு ஆயுள் முழுதும் இருக்கப்போகிறவளும் அவள்தான், நீ என்னைக் கோபித்துக்கொள், அவளை விட்டுவிடு என்றேன். உனக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன், இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

அடுத்த நாள் மாப்பிள்ளையின் சாதகத்தை மானிப்பாய்க்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். பொருத்தமில்லை என்று சொல்லியனுப்புவதுதான் மரியாதை, எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நான் பொருத்தம் நன்றாக இருக்கிறது, நீங்கள்தான் எங்களுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினேன். உன்னைக் கேட்காமல் செய்தேன், கோபமென்றால் கோபித்துக்கொள். இனி அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தமும் நம் படலையைத் திறக்காது. சித்தப்பா செத்த வீட்டுக்குத்தான் இனி இங்கே வருவேனென்று சொல்லிப்போட்டுப் போனார், அந்த வகையில் கொஞ்சம் நிம்மதி. ஐயா மூன்று நாளாக என்னோடு கதைக்கிறாரில்லை, சோற்றைப் பார்த்து உப்பில்லை என்கிறார், சோறும் நானும் பேசாமலிருக்கிறோம்.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. சித்தப்பா சொன்னாரென்றால், அம்மா அப்படிச் சொன்னீங்களோ என்று ஒரு வரி எழுதிக் கேட்க உனக்குக் கை வரவில்லையே. என்னை அவ்வளவுதானா அறிந்து வைத்திருக்கிறாய்? அது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட நொந்தது. பௌதிக வகுப்பில் நீ ஒருத்திதான் பெண் என்றால் முன் வரிசை வாங்கில் போய் இரு. பின்னால் இருந்தாலும் பார்க்கத்தான் போகிறார்கள், முன்னால் இருந்தால் பாடமாவது கேட்கும்.

பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் புருசனிடம் கொழும்புக்கு வருகிறாள், அவளிடம் ஒடியல்மாவும் எள்ளுருண்டையும் கொடுத்துவிடுகிறேன், உருண்டையை விடுதியில் எல்லோருக்கும் பங்கிட்டு நீ வெறுங்கையோடு இராதே. சனிக்கிழமைகளில் எண்ணெய் வை. மழையில் நனையாதே. பிள்ளையார் உனக்குத் துணை நிற்பார், என்மேல் அவருக்குக் கோபமிருந்தாலும் உன்மேல் இராது. தீர்க்காயுசாக, நல்ல புத்தியோடு, தலை நிமிர்ந்து இரு.

பாடத்தின் பெயரை எழுதிக் கொடுத்த அன்றே எனக்கு ஒரு கடிதம் போடு, மறந்துவிடாதே. ஒன்று மட்டும் கேட்கிறேன், அதில் உண்மையை எழுது. நான் இவ்வளவும் செய்து முடித்தபிறகு, உனக்கு மெய்யாகவே பொட்டனியில்தான் பிரியமென்றால், ஊருக்குள் புத்தி கெட்ட பெரிய விசரி நான்தான். அப்படியென்றால் அதையும் ஒளிக்காமல் எழுதிவிடு பிள்ளை. சித்தப்பாவின் வீட்டுக்கு நானே நடந்து போய், அவர் சொன்னதுதான் சரியென்று சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா
அருமைநாயகி