பொம்மை வீட்டு வாசலில் ஒரு பூமரம்

வல்லம் வடகால்,
புதன்கிழமை.

அன்புள்ள முத்துச்செல்விக்கு,

இங்கே நான் நன்றாகச் சாப்பிட்டுத் தொப்பை வளர்க்கிறேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

போனில் சொன்னால் நம் பிள்ளை பவதாரிணி காதில் விழுந்துவிடும் என்றுதான் கடிதம். அவளுடைய அட்டைப்பெட்டி பொம்மை வீட்டு வாசலுக்குப் பூமரம் கேட்டாள் அல்லவா, செய்துவிட்டேன். கம்பியை முறுக்கி அடிமரமாக்கி, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் செம்பருத்தியை ஒட்டினேன். அறையில் கூட இருக்கும் மணிகண்டபிரபு பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல ஒரு பூ உதிர்ந்தா உள்ள இருக்கவன் மண்ட பொளந்துரும்லா" என்கிறான். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அளவுக் கணக்கு அவ்வளவுதான்.

அதைச் சன்னலில் வைத்திருந்தேன். வீட்டுக்காரம்மா சசிகலா வந்து, "ரூம்ல செடி வெக்கக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல? நீ தண்ணி ஊத்திகினே இருந்தா என் செவுரு இன்னாத்துக்கு ஆவும்?" என்று சத்தம் போட்டார். தொட்டுப் பார்த்ததும் சிரித்துவிட்டு, மகளின் பொம்மை வீட்டுக்கு என்று நான் சொன்னதும் தன் வாசலில் தொங்கிய பழைய பிளாஸ்டிக் தோரணத்தை அவிழ்த்துக் கொடுத்தார். அதில் பூ ஒவ்வொன்றும் மிளகு அளவு. இரண்டாவது மரத்தை அதில்தான் செய்கிறேன்.

பொம்மை வீட்டுக் கதவின் உயரத்தை ஒரு நூலில் அளந்து கவரில் வைத்து அனுப்பு. பிள்ளையின் உயரத்துக்கும் ஒரு நூல் வை. தீபாவளிக்குப் பாவாடை எடுக்க வேண்டும். பொங்கலுக்கு என் சட்டைப் பைவரை வந்தாள், இப்போது எதுவரை என்று தெரியவில்லை. மரம் பெரிதாகிவிட்டால் கத்தரித்துக்கொள்ளலாம், பாவாடை சின்னதாகிவிட்டால் என்ன செய்வது?

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன்,
காசிராஜன்