ஆடு கிடைக்காத வரைக்கும்

20.1.86

தர்மபுரிக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். சர்க்கரையாம். மூட்டுத் தேய்மானம் வேறு. பொங்கலுக்கு ஒரு முழுக் கரும்பை நானே கடித்துத் தின்றேன் என்று பெருமையாகச் சொன்னேன், அந்தப் பொண்ணு என்னை முறைத்தாள். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை முறைத்து ரிட்டயர் ஆனவளை ஒரு சின்னப் பொண்ணு முறைக்கிறாள். தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடங்க, இல்லாட்டி ரெண்டு வருஷத்துல கக்கூஸ் போகக்கூட யாராவது கையைப் பிடிச்சுத்தான் கூட்டிப் போவணும் என்றாள்.

பஸ் கடத்தூர் வந்து சேரும்வரை அதே நினைப்பு. சாவைப் பற்றி எனக்கு ஒன்றும் கவலையில்லை. ஆனால் இது? மருமகள் மாதம்மா என் கையைப் பிடித்து — சீ. நாளையிலிருந்து நடக்கிறேன்.

21.1.86

நடக்க முடியவில்லை. கால் நன்றாகத்தான் இருக்கிறது, ஊர்தான் விடவில்லை.

விடிந்ததும் கிளம்பினேன். ஏரிக்கரை வழியாகப் பெரியண்ணன் தோட்டம் வரை போய்த் திரும்புவது என்று திட்டம். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த வளையல் கடை ரோஷன் பீ, "எங்க டீச்சரம்மா, இவ்ளோ காலைல?" என்றாள். சும்மா நடக்கிறேன் என்றேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். இந்த ஊரில் யார் சும்மா நடந்திருக்கிறார்கள்? காட்டுக்குப் போவார்கள், சந்தைக்குப் போவார்கள், எழவு வீட்டுக்குப் போவார்கள். வயசான பொம்பளை விடியற்காலையில் வெறுங்கையோடு கிணறு இருக்கிற பக்கமாகப் போனால் ஒரே அர்த்தம்தான்: மருமகளோடு சண்டை, கோவித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பார்த்தவர்கள் சமாதானம் பண்ணித் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும். அது இங்கே எழுதாத சட்டம்.

பெரியண்ணன் என்னிடம் அஞ்சாவது படித்தவன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. ஓடி வந்து எனக்கும் கிணற்றுக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றான். "எதா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாமுங்க டீச்சர்." மோர் கொடுத்து, சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து வீட்டில் கொண்டுவந்து இறக்கினான். தெருவே பார்த்தது.

22.1.86

இன்றும் மோர். இன்றும் சைக்கிள்.

26.1.86

நான்கு பேர் என்னைச் சமாதானம் பண்ணினார்கள். ஆளுக்கொரு டீ, சர்க்கரை தூக்கலாக. மனசு கசந்திருக்கும் என்று போட்டார்களாம். இப்படி நடந்தால் நான் தை மாசம் தாண்டமாட்டேன்.

பெரியண்ணன் கிணற்றை முள் வெட்டிப்போட்டு மூடிவிட்டான். முள் உள்ளே விழுந்து மோட்டார் அடைத்துக்கொண்டதாம். வெங்காயத்துக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. ஏண்டா இப்படிப் பண்ணினாய் என்று கேட்டால் கண் கலங்குகிறான். பயிர் போனால் போகட்டும், நீங்கள் இருந்தால் போதும் என்கிறான்.

29.1.86

வீட்டில் பஞ்சாயத்து. மாதம்மாவின் அண்ணன் அரூரிலிருந்து இரண்டு பெரிய மனுஷர்களோடு வந்துவிட்டார். தங்கச்சி மேல் என்ன குற்றம் என்று கேட்டார். ஒரு குற்றமும் இல்லை, டாக்டர்தான் நடக்கச் சொன்னார் என்றேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் என்றால் ஊசி போடுவார், டானிக் எழுதுவார். காசை வாங்கிக்கொண்டு நடந்து போ என்று சொல்கிற டாக்டரை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. மருமகளைக் காட்டிக்கொடுக்காத நல்ல மனசு என்று என்னைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

மாதம்மா அடுப்படியில் அழுதாள். பாவம், இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு வேளை சோறு நேரம் தப்பியதில்லை. நான் போய்ப் பேசியிருக்கலாம். என்னவென்று பேசுவது?

மகன் நஞ்சப்பன் வேலை பார்க்கிற கூட்டுறவு சொசைட்டியில் தலை காட்ட முடியவில்லையாம். "இனிமே நீ வாசப்படி தாண்டக் கூடாதும்மா. எங்க மானம் போவுது."

30.1.86

தாண்டவில்லை.

5.2.86

இன்று எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டேன். பயமாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது என்று வேறு எங்கேயும் எழுத முடியாது.

7.2.86

சந்தைக்குப் போனேன். சாமான் வாங்கப் போனால் வாசப்படி தாண்டலாமாம். திரும்பி வரும்போது கையில் ஒரு துண்டுக் கயிறு மட்டும். பென்ஷன் பணத்தில் ஒரு பெட்டை ஆடு வாங்கினேன், கறுப்பு, நெற்றியில் வெள்ளை, வரும் வழியில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று சொன்னேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நஞ்சப்பனே சொன்னான், காலையில் போய்த் தேடிப் பாரும்மா என்று.

8.2.86

ஒரு மணி நேரம் நடந்தேன். ஒருத்தரும் மோர் கொடுக்கவில்லை. கையில் கயிறு இருந்தால் மனுஷிக்கு மரியாதையே தனி.

17.2.86

கூட்டம் சேர்ந்துவிட்டது. டீச்சர் ஆட்டை நாமும் தேடலாம் என்று முதலில் ரோஷன் பீ வந்தாள், அப்புறம் ரிட்டயரான கண்டக்டர் ராஜப்பன். அவர் இன்னும் விசிலை விடவில்லை. புதர் புதராக நின்று ஊதுகிறார். ஆடு என்ன, பஸ்ஸா? எல்லாம் மூட்டு வலிக்காரர்கள், மூச்சிரைப்புக்காரர்கள். ஏரிக்கரையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு மறுபடி தேடுகிறோம். இவ்வளவு சிரித்து எத்தனை காலமாச்சு.

3.3.86

ரோஷன் பீ ஏரிக்கரையில் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "டீச்சரம்மா, நீங்க ஆடே வாங்கலை. தெரியும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, எனக்கு இப்பத்தான் முட்டி மடங்குது."

எல்லாருக்குமே தெரிந்திருக்கும் போல. ராஜப்பன் இப்போதெல்லாம் புதரைப் பார்க்காமலே விசில் ஊதுகிறார்.

12.3.86

டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம். சர்க்கரை இறங்கிவிட்டது. என்ன பண்ணினீங்க என்றாள். ஆடு தேடினேன் என்றேன். ஆட்டுக்கறி கொஞ்சமாத்தான் சாப்பிடணும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

21.3.86

ஆடு கிடைத்துவிட்டது.

பெரியண்ணன்தான் பிடித்துக்கொண்டு வந்தான், முகமெல்லாம் பல்லாக. அவனுக்கு மட்டும் விஷயம் தெரியாது. டீச்சர் தினமும் அலைவதைப் பார்க்கச் சகிக்காமல் எங்கேயோ போய் விலைக்கு வாங்கி வந்திருக்கிறான். நான் சொன்னது பெட்டை. இது கிடா. நெற்றியில் வெள்ளை இருந்தது, தடவிப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. சுண்ணாம்பு.

மோட்டார் அடைத்து, வெங்காயம் வாடி, இப்போது ஆடும் வாங்கியிருக்கிறான், கிறுக்குப் பயல். இது என் ஆடு இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்? இதுதாண்டா என்றேன். கிடாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டான்.

நஞ்சப்பன் கொல்லையில் இரும்புச் சங்கிலி போட்டுக் கட்டினான். இனிமேல் ஓடாது, நீ நிம்மதியாக உட்காரும்மா என்றான்.

22.3.86

விடியற்காலையில் ரோஷன் பீயும் ராஜப்பனும் வாசலில் வந்து நின்றார்கள், துக்கம் கேட்க வந்த மாதிரி. கொல்லைக்குப் போய் ஆட்டைப் பார்த்தார்கள். கிடா என்று தெரிந்தும் டீச்சர் ஆடுதான் என்று தலையாட்டினார்கள். போய்விட்டார்கள்.

29.3.86

உட்கார்ந்திருக்கிறேன். ஆடு கொழுக்கிறது.

6.4.86

மறுபடி சுவர். ராத்திரி சாப்பிட்டு எழுந்தபோது சுவர் எட்டவில்லை, தடுமாறிவிட்டேன். மாதம்மா ஓடி வந்து கையை நீட்டினாள். நான் வெடுக்கென்று என் கையை இழுத்துக்கொண்டேன். நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது.

மோசமானவள் நான். அவள் மேல் கோபமில்லை என்று எப்படிச் சொல்வேன்? அந்தக் கையைப் பார்த்தால் டாக்டரம்மா சொன்னதுதான் ஞாபகம் வருகிறது.

7.4.86

விடியும் முன்னே மாதம்மா எழுப்பினாள். கையில் என் பழைய கயிறு.

"அத்த, ஆட்டைக் காணோம். போய்த் தேடிட்டு வாங்க."

கொல்லையில் ஆடு கத்தியது. சங்கிலி கலகலத்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். என்ன சத்தம் என்று உள்ளேயிருந்து நஞ்சப்பன் கேட்டான். பக்கத்து வூட்டு ஆடு, நீங்க தூங்குங்க என்றாள். பக்கத்து வீட்டில் ஆடே கிடையாது.

எழுந்திருக்கக் கை கொடுத்தாள். பிடித்துக்கொண்டேன். வாசல் வரைக்கும் கையை விடவில்லை, நானும் அவளும்.

தெருமுனையில் ராஜப்பனும் ரோஷன் பீயும் முன்னாடியே நின்றிருந்தார்கள். மாதம்மாவே நேற்று ராத்திரி போய்ச் சொல்லியிருக்கிறாள். ராஜப்பன் விசில் ஊதினார்.

ஒரு மணி நேரம் தேடினோம். கிடைக்கவில்லை.