எல்லாரும் ஏறியாச்சா?

அன்புத் தங்கைக்கு,

நான் ஏன் அப்படிச் சொன்னேன்?

முந்தாநாள் தீவுகளைச் சுற்றிப் பார்க்கப் படகில் போனோம். படகோட்டி தலைகளை எண்ணுவதில்லை. குடும்பத்துக்கு ஒருவர் பதில் சொன்னால் போதும். கடைசித் தீவில், "உங்க வீட்ல எல்லாரும் ஏறியாச்சாம்மா?" என்றார். வானம் கறுத்திருந்தது. காலையிலிருந்து என்னைத் தவிர எல்லாவற்றையும் படமெடுத்த உன் அத்தான், பாறையருகே இன்னும் எடுத்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது.

"ஆச்சு" என்றேன்.

தீவு கையகலமாகச் சிறுத்த பிறகுதான் கத்தினேன். படகு திரும்பியது. இடுப்பளவு நீரில் நின்றிருந்தவர், "மறந்துட்டியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாள், ஊர் திரும்பும் பேருந்து கிளம்பும்போது நான் கழிவறையில் இருந்தேன். ஓடிவந்து பார்த்தால், அவர் படியில் நின்று ஓட்டுநரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்: "கொஞ்சம் நிறுத்துங்க, எங்க வீட்ல இன்னும் ஏறல."

அக்கா