பலகையில் நின்றது யார்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் மணிக்கட்டு நன்றாகக் கூடிவிட்டது, இறுகிய டப்பா மூடியைத் திருகினால்கூட வலிப்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே குறையில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் கடிதம் எதற்கு எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். போனில் சொன்னால் நான் பாதியிலேயே சிரித்து மழுப்பிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். இது முழுதாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

அதற்கு முன்னால் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று, இப்போது நான் முகம் சரியாகச் சவரம் செய்யாததெல்லாம் அவளுக்குத் தெரிகிறது. மாடிப்படி விளக்கு இரண்டு வாரம் எரியாமல் கிடந்து போன திங்கட்கிழமை சரியானது, நான் ஏணி ஏறவில்லை, ஆள் வந்துதான் மாட்டினார், சத்தியம். மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்றாயே, நாற்காலியை மாற்றினால் போதாது, ஒரு மணிக்கு ஒருதரம் எழுந்து நடக்கச் சொல். குட்டி பல் தேய்க்க அழுதால் அதட்டாதே, நீ ஏழு வயது வரை அழுதவள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது நீ போட்ட நிபந்தனை எனக்கு மனப்பாடம். கால் தடுமாறாமல் நிற்கப் பழக்குகிற, டிவியோடு சேர்த்து ஆடும் விளையாட்டுப் பலகை ஒன்றை நீ அனுப்புவாய், அதில் தினமும் ஏறி நிற்க வேண்டும், நீ விடுமுறைக்கு வருவதற்குள் நூற்றுக்கு எழுபது வாங்க வேண்டும், வாங்காவிட்டால் இந்த மூன்றாம் மாடி வீட்டைப் பூட்டிவிட்டு நாங்கள் இருவரும் உன்னோடு வந்துவிட வேண்டும். ஊர் லிஃப்டையெல்லாம் ஓடவைத்தவன் குடியிருக்கும் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் இல்லை, நாற்பத்தெட்டு படி என்று நீ சொன்னது நியாயம்தான். ஆனால் இந்த வீட்டை விட்டு வர எனக்கு மனசில்லை, உன் அம்மாவுக்கும் இல்லை.

பலகை வந்த அன்று டிவிக்கு முன்னால் அதைப் போட்டு ஏறினேன். திரையில் ஒருவன் தட்டு நிறையக் கண்ணாடிக் கோப்பைகளோடு வந்தான். நான் சாய்ந்தால் அவனும் சாய்வான், நான் நிமிர்ந்தால் அவனும் நிமிர்வான், மேசைகளுக்கு நடுவே அவனைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நாலு அடி போவதற்குள் அத்தனை கோப்பையும் தரையில். டிவி சத்தத்தைக் குறைக்கத் தெரியாமல் வைத்திருந்தேன், கீழ்வீட்டுத் தையல்காரர் மேலே ஓடிவந்து, பாத்திரம் உடையற சத்தம் கேட்டுது, ரெண்டு பேருக்குள்ள ஒண்ணும் பிரச்சினை இல்லையே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இருபத்திரண்டு மதிப்பெண். நீங்கள் இடப்பக்கம் சாய்கிறீர்கள் என்று வேறு எழுதிக் காட்டியது. எனக்கு வந்ததே கோபம். முப்பத்தெட்டு வருஷம் லிஃப்டைத் தளத்துக்குச் சமமாக நிறுத்தியவனைப் பார்த்து, அரை விரல் ஏறி இறங்கி நின்றால்கூட இரண்டாவது தடவை அதைத் திறந்து பார்த்தவனைப் பார்த்து, ஒரு பிளாஸ்டிக் பலகை நீ கோணல் என்கிறது. ரசமட்டம் எடுத்துத் தரையைச் சோதித்தேன், தரை சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் பலகைதான் கோளாறு என்று முடிவு கட்டி, அட்டையை நாலாக மடித்து அதன் இடப்பக்கத்துக்கு அடியில் செருகினேன். மறுதடவை முப்பத்தாறு. பழுது பார்த்துவிட்டேன் என்று பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

உன் அம்மா வந்து ஏறிப் பார்த்தாள், இது என்ன ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது என்று அட்டையை உருவி எறிந்துவிட்டு, தட்டுக்காரனை அதட்டிக்கொண்டே மறுகோடி வரை கொண்டுபோய்விட்டாள். நாற்பத்தெட்டு. அது என் பெயரில் உன் கைபேசிக்கு வந்தது, நீயும் அப்பா அசத்திட்டீங்க என்று எழுதினாய். அந்த ஒரு வரியில் எனக்குப் புத்தி கெட்டது. நாளைக்கும் நீயே ஏறு என்று அவளிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள், பிறகு அவளுக்கே பிடித்துப்போனது. மூன்று மாதமாக உனக்கு வந்த ஐம்பத்தைந்து, அறுபத்திரண்டு எல்லாம், இனி வீட்டை விடும் பேச்சே இல்லை என்று உன்னைச் சொல்லவைத்த அந்த எழுபத்தொன்று உட்பட, உன் அம்மாவுடையது. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் புதன்கிழமை காலை இருவரும் கீழே இறங்கினோம். படி துடைத்த ஈரம் காயவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் முதலில் அவள் கால் வழுக்கியது, ஆனால் அவள் மற்றக் காலில் எடையை மாற்றி அப்படியே நின்றுவிட்டாள். அதே படியில் என் கால் வழுக்கியபோது எனக்கு நிற்கத் தெரியவில்லை. அவள் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் சட்டைக் காலரையும் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றாள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் மறைப்பானேன், பயந்துவிட்டேன், எனக்காக மட்டுமில்லை, அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருப்பேனே என்று. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பலகையில உங்களுக்குப் பதிலா நான் நின்னேன் சரி, படியில எப்படிங்க நிக்கிறது என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று மத்தியானமே, என் மணிக்கட்டுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபி அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. கை நீட்டினால் சுவர் எட்ட வேண்டும், முன்னால் கனமான நாற்காலி, வெறுங்கால், வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும், தினம் இருபது நிமிஷம் என்று எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து நான்தான் ஏறுகிறேன். உனக்குத் தெரியாமல் இருக்க, மதிப்பெண் உன் கைபேசிக்கு வராத விருந்தாளி என்ற பெயரில் ஆடுகிறேன். முதல் நாள் இருபத்தொன்று, நேற்று முப்பத்தொன்று. எட்டு நாளில் பத்து ஏறியிருக்கிறது, இடப்பக்கச் சாய்வும் குறைந்திருக்கிறது. ஒரு கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நான் அதை விட்டதில்லை, இதையும் விடமாட்டேன். நீ வர நாலு மாதம் இருக்கிறது. நீ தந்த வாக்கைத் திருப்பித் தருகிறேன், உன் நிபந்தனை பழையபடியே இருக்கட்டும். வந்ததும் உன் எதிரிலேயே ஏறி நிற்கிறேன், எழுபது வரவில்லை என்றால் பெட்டியை நானே கட்டுகிறேன். கட்ட வேண்டியிருக்காது, பார்.

உன் அம்மாவுக்குத் தனிப் பெயர் பதிந்து கொடுத்திருக்கிறேன், பாராட்டை இனி அவளுக்கு அனுப்பு, மூன்று மாத பாக்கியையும் சேர்த்து. நீங்கள் மூவரும் நோய்நொடியின்றி நீண்டநாள் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஈரத் தரையில் ஓட வேண்டாம் என்று குட்டியிடம் சொல், தாத்தா சொன்னதாகவே சொல்.

மறந்துவிடாதே, வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து என் பெயரில் நானே ஆடப்போகிறேன். உன் கைபேசியில் எழுபத்தொன்றில் நிற்கும் மதிப்பெண் கோடு ஒரே நாளில் பாதிக்கும் கீழே இறங்கும். அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறி அழைக்காதே. அது நான்தான்.

இப்படிக்கு,
முப்பத்தொன்று வாங்கிய உன் அப்பா