இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய அண்ணனுக்கு

முகம் பார்த்திராத என் பஷீர் அண்ணனுக்கு,

உங்களை அண்ணன் என்று கூப்பிட நான் யார் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். நீங்கள் இருந்தவரை என்னை உங்களுக்குத் தெரியாது, எனக்கும் உங்களைத் தெரியாது. நீங்கள் இறந்து ஐந்து மாதம் கழித்து உங்கள் வெள்ளைக் காரை வாங்கினவள் நான். அன்றைக்கே ஒரு நன்றி எழுதியிருக்க வேண்டும். ஒரு வருஷம் தள்ளிப்போய்விட்டது. சின்னக் குழந்தை வைத்திருக்கிறவள் எழுதுவதெல்லாம் தாமதமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சுகன்யா. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இப்போது ஓசூருக்கு வெளியே, கெலமங்கலம் சாலையில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் முருகனுக்கு இங்கே தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. நானும் குழந்தை பிறக்கும்வரை ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். வரும் பாகங்களை அளந்து பார்த்து, அளவை எழுதி, கையெழுத்துப் போடுகிற வேலை. எங்கள் மகள் இனியாவுக்கு அப்போது மூன்று வயது. அவளுக்கு இழுப்பு இருந்தது.

ஓசூர்க் குளிர் உங்களுக்குத் தெரியாததா? ஒரு மார்கழிக் காலையில் அவளுக்கு மூச்சு இழுத்தது. ஆட்டோ கிடைக்கவில்லை. அவர் பைக்கை எடுத்தார். நடுவில் அவளை வைத்து, மேலே என் சால்வையைப் போர்த்திக்கொண்டு போனோம். முன்னால் லாரி, பனி, புழுதி. டாக்டர் வீட்டு வாசலில் சால்வையை விலக்கிப் பார்த்தால் அவள் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. வேறு எதற்கும் நான் அந்த அளவுக்குப் பயந்ததில்லை. அன்றைக்கு மருந்துப் புகை வைத்து அனுப்பினார்கள். வெளியே வந்ததும் அவரிடம் சொன்னேன், "இனி இவளை பைக்ல ஏத்த மாட்டேன்."

"கார் வாங்குத அளவுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு பிள்ள?" என்றார்.

"ஓடுற காரு போதும். புதுசு வேண்டாம்."

இப்படித்தான் தேட ஆரம்பித்தோம். எங்கள் கையில் இருந்ததற்கு, நிறைய ஓடிய வண்டிதான் கிடைக்கும் என்று தெரியும். தெரிந்தாலும் மனசு கேட்கிறதா? மீட்டரில் சின்ன எண் இருந்தால் எனக்குத் தூக்கம் வரும் போல இருந்தது. ஓட்டப்போகிறவளும் நான்தான். கல்லூரி முடித்த கையோடு லைசென்ஸ் எடுத்திருந்தேன். அவருக்கு இன்றுவரை பைக் மட்டும்தான்.

மஞ்சு என்று ஒரு புரோக்கர். கன்னடம் பாதி, தமிழ் பாதி, போனில் யாரோடோ தெலுங்கு. அவர் காட்டிய முதல் வண்டியின் மீட்டர் நாற்பத்தெட்டாயிரம் என்றது. காலை எட்டு மணிக்குப் போய் பானட்டில் கை வைத்தேன், சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். ஆறின எஞ்சின் எப்படிக் கிளம்பும் என்பதைக் காட்ட மனசில்லை. இரண்டாவது வண்டி அறுபத்திரண்டாயிரம். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நீல நிறம், உள்ளே புது சீட் உறை, இனியா ஏறி உட்கார்ந்து இறங்கவே மாட்டேன் என்றாள். முன்பணம் கொடுக்கலாம் என்று பையைத் திறந்துவிட்டேன். பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தபோது பிரேக் பெடலைப் பார்த்தேன். ரப்பர் முழுக்கத் தேய்ந்து இரும்பு பளபளவென்று தெரிந்தது. அறுபதாயிரத்தில் ஒரு பெடல் அப்படித் தேயாது. ஏழு வருஷம் தேய்மானம் அளந்த கண் எனக்கு.

"மஞ்சு அண்ணா, இது உண்மையில எவ்வளவு ஓடியிருக்கு?"

"யாக்கே மேடம் இவ்ளோ டென்ஷன்? மீட்டர்ல இருக்கே."

"பெடல்ல வேற எழுதியிருக்கே."

அவர் குனிந்து பெடலைப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். "மீட்டரைத் திருப்பிக் குறைக்க லேப்டாப் மாட்டுனா பத்து நிமிஷ வேலை மேடம். எல்லாரும் செய்றாங்க. உங்களுக்கு நிஜம்தான் வேணும்னா காவேரிப்பட்டினத்துல ஒரு வண்டி நிக்குது. ஓனர் போயிட்டாரு. அந்தம்மா மீட்டரைத் தொடவே விட மாட்டேங்குது. பொய்யில்லாத வண்டி. அதான் அஞ்சு மாசமா விக்கல."

அது உங்கள் வண்டி அண்ணா.

உங்கள் வீட்டுக்காரம்மா மும்தாஜ் அக்காவுக்கு முதல் நாளே போன் செய்து, "நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று சொன்னேன். "அதை ஸ்டார்ட் பண்ண இந்த வூட்டுல யாரும்மா இருக்கா?" என்று கேட்டார். எனக்கு ஏன் வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. பேட்டரிக்கு மஞ்சு தன் வண்டியிலிருந்து ஒயர் கொடுத்தார். சாவியைத் திருப்பினேன். இருமவில்லை, புகையவில்லை. ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. மீட்டரில் விளக்கு எரிந்து எண் தெரிந்தது. இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம்.

முருகன் ஜன்னல் வழியாகத் தலையை விட்டுப் பார்த்தார். "ஏ பிள்ள, இது நெலாவுக்குப் பாதி வழி தாண்டிட்டுல்லா!"

"பாக்கிப் பாதி நீங்க போங்க சார்" என்றார் மஞ்சு. "மேடம், நிஜமாவே வேணுமா? இப்பவும் சொல்றேன், அந்தம்மா சரின்னா எண்பதாயிரமாக்கித் தர்றேன். நாளைக்கு நீங்க விக்கும்போது உங்களுக்குத்தானே லாபம்?"

அதுவரை வாசற்படியில் சும்மா நின்றிருந்த மும்தாஜ் அக்கா இறங்கி வந்தார். அவர் சத்தம் போடவில்லை.

"எத்தினி வாட்டி சொல்றது தம்பி உனக்கு? அந்த மனுசன் வூட்டுல இருந்ததே கம்மி. பாதி ஆயுசு அந்தச் சீட்டுலதான் போச்சு. நைட்டியும் புள்ளைங்க துணியும் ஏத்திகினு ராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைன்னு கடை கடையாப் போயி, எங்க மூணு பொண்ணுங்களையும் அதுலதான் கட்டிக் குடுத்தாரு. அதைப் போயி எண்பதாயிரம்னு எழுதுவியா? மீதியெல்லாம் அவரு எங்க போனாருன்னு நான் யாரைக் கேக்குறது?"

மஞ்சு செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அக்கா என்னைக் கேட்ட மாதிரி இருந்தது. ஏன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்.

நானும் மீட்டரைத் திருப்புகிறவள்தான் அண்ணா. இனியாவுக்கு எப்போது இழுத்தாலும், டாக்டர் "எத்தனை நாளா?" என்று கேட்டால், "நேத்துல இருந்து" என்பேன். நாலு நாளாக இருக்கும். ராத்திரி இருமல் மூன்று மாதமாக இருந்தது, அதை வாயே திறந்ததில்லை. இவ்வளவு நாள் என்ன செய்தாய், பனியில் பைக்கில் ஏன் கொண்டுபோனாய், நீயெல்லாம் படித்தவளா என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். ஒரே இடத்துக்குப் போனால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கிளினிக்கை மாற்றி மாற்றிப் போனேன். போனில் அம்மாவிடம் "லேசா சளி" என்பேன். தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டினால் உதறிவிட்டு மறுபடி வைப்பேன், குறைத்துக் காட்டாதா என்று. அளவு எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கினவள் செய்கிற வேலையா இது?

"எடுத்துக்கிறோம் அக்கா" என்றேன். மீட்டர் இருந்தபடியே.

ஊரில் அம்மா, "செத்தவுக வண்டியா? வேற கெடைக்கலையா?" என்று கேட்டார். நீங்கள் ஓட்டி முடித்த வண்டி இல்லை, பத்திரமாகப் பார்த்துக்கொண்ட வண்டி என்று சொன்னேன். அம்மாவுக்குப் புரிந்ததா தெரியவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நெடுஞ்சாலை வேண்டாம் என்று உங்கள் ராயக்கோட்டைச் சாலையிலேயே வந்தேன். முருகன் பைக்கில் பின்னாலேயே வந்தார். நான் முப்பதைத் தாண்டவில்லை. இரண்டு டிராக்டர்கள் என்னை முந்தின. அவர் பக்கத்தில் வந்து, "எறங்கித் தள்ளட்டுமா?" என்று கேட்டார். கால் மிதியடியில் ஆக்சிலேட்டருக்குக் கீழே ஒரு ஓட்டை இருக்கிறதே, உங்கள் குதிகால் போட்ட ஓட்டை, அதில் என் குதிகாலை வைத்ததும்தான் வண்டி எனக்கு வசப்பட்டது. கெலமங்கலத்தில் துணிக்கடைகளைத் தாண்டும்போது யோசித்தேன். இந்தத் தெருவில் நாம் எதிரும் புதிருமாகப் போயிருப்போமோ? நான் இனியாவுக்கு எடுத்த மஞ்சள் கவுன் உங்கள் வண்டியில் வந்ததாக இருக்குமோ?

அதற்கப்புறம் ஆடி மாதம். காற்று என்றால் அப்படிக் காற்று. அவர் இரண்டாவது ஷிஃப்டில் இருந்தார். மாலை நாலு மணிக்கு இனியாவின் விலா மூச்சுக்கு மூச்சு உள்ளே உள்ளே போனது. அவளைப் பின்னால் கட்டி உட்காரவைத்து, ஜன்னல்களை ஏற்றிவிட்டுக் கிளம்பினேன். அண்ணா, அந்த வண்டி என்னை ஒரு இடத்திலும் கைவிடவில்லை. ரயில்வே கேட்டில் நின்றோம், மேட்டில் நின்றோம், ஒரு தடவைகூட அணையவில்லை. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்துகொண்டே இருந்தது. பைக்கில் எனக்கு அவள் முகம் தெரிந்ததே இல்லை.

டாக்டர் அம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டே கேட்டார், "எத்தனை நாளா?"

"நே…" என்றுதான் வந்தது. பழக்கம். எதிர்ப்பக்கம் மும்தாஜ் அக்கா நிற்கிற மாதிரி இருந்தது.

"நாலு நாளா டாக்டர். ராத்திரி இருமல் மாசக்கணக்கா இருக்கு. வேற வேற கிளினிக் போயிருக்கோம். எல்லா இடத்துலயும் நேத்துல இருந்துன்னுதான் சொன்னேன். பனியில பைக்லயும் கூட்டிட்டுப் போயிருக்கேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா அன்னன்னைக்கு மட்டும் மருந்து வச்சு அனுப்பியிருக்க மாட்டாங்கம்மா" என்றார். "இது தினசரி பாத்துக்க வேண்டிய ஆஸ்துமா. தினம் ரெண்டு வேளை இன்ஹேலர் பம்பு. பழகிப்போயிடும்னு யார் சொன்னாலும் நிறுத்தாதீங்க." அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க எட்டு மாதம் பயந்திருக்கிறேன்.

இன்றைக்கு இனியாவுக்கு நாலு வயது. பாலர் பள்ளிக்குப் போகிறாள். இந்த மார்கழியில் ஒரு தடவைகூட உதடு நிறம் மாறவில்லை. காலையில் பம்பு வைக்கும்போது பத்துவரை எண்ணுவாள், ஏழை விட்டுவிடுவாள். வண்டிக்கு ஒரு கிளட்ச் மாற்றினோம். ஏசி வேலை செய்யவில்லை என்பதை உங்களிடம் புகாராகவே சொல்கிறேன், ஓசூரில் தேவைப்படாது என்று விட்டுவிட்டீர்களா? பின்சீட்டுக்குக் கீழே இன்னும் விலைச்சீட்டுகள் கிடைக்கின்றன. நான் மறுபடி வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன், அதே குவாலிட்டி வேலைக்கு.

போன வாரம் மும்தாஜ் அக்கா போன் செய்தார். குழந்தையை விசாரித்தார், வண்டியை விசாரித்தார். பிறகு பேச்சோடு பேச்சாக, "அஞ்செட்டி, நாட்றாம்பாளையம்னு மலைப் பக்கம் வாரத்துல மூணு நாள் போவாரும்மா. அங்க எனக்கு ஒரு சக்களத்தி இருக்கான்னு சொல்லிச் சிரிப்பேன். நான் அந்தப் பக்கம் ஒரு நாளும் போனதில்ல. சரக்கு ஏத்துனா எங்க ஆள் உக்கார எடம்?" என்றார்.

இப்போது வண்டியில் சரக்கு இல்லை அண்ணா. வரும் ஞாயிற்றுக்கிழமை அக்காவை முன்சீட்டில் உட்காரவைத்து மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். வளைவுகளில் மெதுவாகத்தான் போவேன், பின்னால் யார் ஹாரன் அடித்தாலும். நீங்கள் துணி போட்ட கடை எது என்று நாட்றாம்பாளையத்தில் விசாரிப்பேன். கண்டுபிடித்து, கதவைத் திறந்து அக்காவை இறக்கி, "பஷீர் பாய் வீட்டுக்காரம்மா வந்திருக்காங்க" என்று நானே சொல்லுவேன்.

இப்படிக்கு,
உங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கும் தங்கை,
சுகன்யா