நூற்றுக்கு முப்பது பேர்

ஜூன் 3

நேற்றைய நோயாளிகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்ததில் இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. "காய்ச்சல் அடங்கிடுச்சும்மா" என்றார். நேற்று ஞாயிறு, பரிசோதனைக்கூடத்துக்கு லீவு சார், நாளைக்குப் பாருங்க என்றேன். முகம் சுருங்கிவிட்டது. சுகாதாரத் துறையில் கணக்குப் போடுகிறவளுக்கு இதுதான் பிழைப்பு, நல்ல செய்தியைக் கெடுப்பது.

ஜூன் 6

மாதிரியை ஓட்டினேன். அது கணினிக்குள் இருக்கும் பொய் ஊர். யார் யாரோடு எவ்வளவு பழகுகிறார்கள், காய்ச்சல் எத்தனை நாளில் தொற்றும் என்றெல்லாம் கொடுத்தால், அடுத்த மாதம் நிஜ ஊர் எப்படி இருக்கும் என்று காட்டும். ஒன்றுதான் தெரியவில்லை. கடையைச் சாத்துங்கள், வீட்டில் இருங்கள் என்று சொன்னால் எத்தனை பேர் கேட்பார்கள்? யார் சொன்னாலும் கேட்காத என் அண்ணனை நினைத்துக்கொண்டேன். நூற்றுக்கு முப்பது என்று போட்டேன்.

மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிகளில் இடம் இருக்காது என்று வந்தது. விளையாட்டரங்கத்திலும் கட்டில் போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 8

அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. தொழிலோ சலூன். நாள் முழுக்க அடுத்தவர் மூச்சு அவர் முகத்தில்தான். கொஞ்ச நாள் மூடுங்கள் என்று சொல்லப் போய், நோயாளிகளின் எண்ணிக்கை ஏறும் கோட்டு வரைபடத்தைக் காட்டினேன்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

கோட்டைப் பார்த்து முழித்தேன். மாதிரி எத்தனை பேர் என்று சொல்லும், யார் என்று சொல்லாது.

"அப்பச் சும்மா போ, பாப்பா. ஆளுங்க காத்திட்டிருக்காங்க."

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன பண்ணுவேன்? என்னைப் படிக்க வச்சதே இவரு. இவரையே காப்பாத்த முடியலன்னா — எதுக்கு இந்தக் கணக்கெல்லாம்?

ஜூன் 9

எழுத ஒன்றுமில்லை. பயமாக இருக்கிறது.

ஜூன் 11

"உங்கண்ணன் கடைய மூடிட்டாரு" என்று அண்ணி போன் செய்தாள். நம்பாமல் நேரில் போனேன். ஷட்டர் இறங்கித்தான் இருந்தது. வீட்டில் அண்ணன் போனும் கையுமாக, ஊரில் உள்ள சலூன்காரர்களை எல்லாம் பிடித்துக்கொண்டிருந்தார். "அந்தப் படம் எனக்கும் புரியலப்பா. ஆனா என் தங்கச்சி கணக்குல பொய் சொல்ல மாட்டா. மூடிடு."

வாசலிலேயே அழுதுவிட்டேன்.

"எதுக்கு அழற? நீதான மூடச் சொன்ன?"

"அன்னிக்கு முடியாதுன்னீங்களே?"

"நான் எங்க இருக்கேன்னு கேட்டேன், நீ முழிச்ச. நீ பதில் தெரியாம முழிச்சு நான் பாத்ததே இல்ல. பயந்துட்டேன்."

ஜூன் 19

எண்ணிக்கை என் கோட்டுக்குக் கீழே போகிறது. இன்று ஞாயிறு இல்லை, புதன். திரும்பவும் சரிபார்த்தேன். சலூன்களைப் பார்த்துத் தையல் கடைகளும் உடற்பயிற்சிக் கூடங்களும் தாமாகவே மூடியிருக்கின்றன. மூடச் சொல்லி அரசு உத்தரவு வந்ததோ நேற்றுதான்.

ஜூலை 2

விளையாட்டரங்கத்துக் கட்டில்களில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இயக்குநர், "உங்க கணக்கு தப்பாப் போச்சேம்மா" என்றார்.

"ஆமா சார். நூத்துக்கு முப்பது பேர்தான் பேச்சக் கேப்பாங்கன்னு போட்டேன். எழுபது பேர் கேட்டிருக்காங்க."

கையிலிருந்த அறிக்கையை மூடினார். "அடுத்த தடவையும் இப்படியே தப்பாப் போடுங்க" என்றார்.

போய்ச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள், அதை மறக்க முடியாது. ஆனாலும் முகம் தெரியாத அந்த எழுபது பேருக்கும் நன்றி. உங்களைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன்.

ஜூலை 15

சலூன் திறந்துவிட்டது. சாயங்காலம் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். நாற்காலியில் இருந்தவர் புலம்பிக்கொண்டிருந்தார். "என்னமோ பெரிசா வரப்போகுதுன்னு பூச்சாண்டி காட்டுனாங்க. கடைசியில ஒண்ணும் வரல. அநியாயமா எல்லாத்தையும் மூட வச்சிட்டாங்க."

அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலிக்காரரின் தலையை லேசாகத் திருப்பிவைத்து, "ஆமா சார், ஒண்ணுமே வரல" என்றார்.

நான் பெஞ்சில் சாய்ந்துகொண்டேன். அண்ணன் நிதானமாக மூச்சு விட்டபடி அவருக்குக் கிருதாவைச் சரிசெய்துகொண்டிருந்தார்.