கண்ணாடி மாதிரி ஒரு வண்டி

அன்பு மனைவிக்கு,

நான் சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா, சின்னவளின் இருமல் நின்றதா, அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று எழுது.

கார் விஷயம் கேட்டிருந்தாயே. தினமும் இரண்டு பஸ் மாறி அலுத்துப்போய், நேற்று மதியம் ஒரு பழைய காரைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. மீட்டரில் எழுபதாயிரம் கிலோமீட்டர்.

"வாத்தியார் ஒருத்தர் ஓட்டினதுண்ணே. பூ மாதிரி வச்சிருந்தாரு" என்றார் தரகர்.

முன்பணம் கொடுக்கச் சட்டைப்பையில் கையைக்கூட விட்டுவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று பின்சீட்டு மிதியடியைத் தூக்கினால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. போன மாதம் எங்கள் கார் கழுவும் கடைக்கு வந்த இதே வண்டியில், யாரோ எடுத்திருந்த வாந்தியைச் சுரண்டியவன் நான்தான். போகாத கறையை மிதியடியால் மூடி, சென்ட் அடித்தவனும் நான்தான். அன்று மீட்டரில் இரண்டு லட்சத்து எண்பதாயிரம். வாடகைக்கு ஓடிய வண்டி.

"இது நான் கழுவின வண்டிங்க" என்றேன்.

"அப்ப எவ்வளவு சுத்தம்னு உங்களுக்கே தெரியுமே" என்று கூசாமல் சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்பைப் போல வாந்திகூடக் குமட்டவில்லை. என் கைவேலையில் நானே மயங்கியதை நினைத்தால் அதைவிட அருவருப்பு. சீ, பஸ்ஸே போதும்.

இங்கே துடைக்க நல்ல துணி இல்லை. உன் பழைய நூல் புடவை ஒன்று அனுப்பு. நாள் முழுக்க சோப்பும் சென்ட்டும்தான் மூக்கில் ஏறுகிறது. பஸ் வந்துவிட்டது, நிறுத்துகிறேன். புடவையைத் துவைத்து அனுப்பாதே.